சந்தையில் விரித்த மேசையும் சாட்சி சொல்லும்

 

  

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம், உள்ளூர்ச் சந்தையிலே ஒரு மேசையை விரித்து, ஒரு கம்பனியின் பொருட்களை நேரடியாக விற்கும் நமது பிள்ளைகளைப் பற்றியது. ஒரு மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இந்த விடயத்தில் நானே ஒரு பிழை செய்தவன். அந்தப் பிழையை மறைத்துக்கொண்டு வாசகர்களாகிய உங்களுக்கு உபதேசம் செய்ய என் மனம் இடந்தரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தவாறே சொல்லுகிறேன்.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து சென்றால் திரியாய் என்னும் பழைமையான கிராமம் வரும். 1980களில் போரினால் வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலத்தின் பின்னர் மீண்டு வந்து, காடு மண்டிய வயல்களைத் திருத்திப் பயிர் செய்த தமிழ் மக்கள் வாழும் ஊர் அது. அங்குள்ள குன்றின் மேல் கிரிஹண்டு சேய எனப்படும் பண்டைய பௌத்த தாதுகோபம் ஒன்று, கற்றூண்கள் வட்டமாகச் சூழ நிற்கிறது. கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர்கள் கருதும் பாறைக் கல்வெட்டொன்றும் அங்கு உண்டு. அக்கல்வெட்டு வணிகக் கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறது. தபஸ்ஸு, பல்லுக என்னும் இரு வணிகச் சகோதரர்களின் பெயரோடு பௌத்த மரபு அவ்விடத்தை இணைத்துப் பேசுகிறது.

அவர்களின் மார்க்கம் வேறு, நம்முடைய மார்க்கம் வேறு. ஆயினும் நான் அதில் ஒரு படிப்பினையைக் காண்கிறேன். அக்கரையில் மரக்கலங்கள் வந்து நின்ற காலம் போய்விட்டது; அவற்றில் வந்த பொருட்களும் மக்கிப் போயின. வணிகர்களின் பெயர் மட்டும் பாறையில் நிற்கிறது. வியாபாரி ஓர் ஊரிலே விட்டுச் செல்வது பொருளையன்று, பெயரையே. அது நல்ல பெயரா, கெட்ட பெயரா என்பதே கேள்வி.

அந்தத் திரியாயிலே நடந்த ஓர் உள்ளூர் விற்பனைச் சந்தையில்தான், எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் மேசை போட்டிருந்தார்.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி

அவர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதியவர். வாப்பா கடற்றொழிலாளி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தபோது, சிறிய இயந்திரப் படகை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களைப் போல இக்குடும்பமும் தளர்ந்து போயிற்று. அக்காலத்தில், சவர்க்காரம், பற்பசை, சலவைத்தூள், முகப்பூச்சு முதலியவற்றை ஆட்களைக் கொண்டு நேரடியாக விற்கும் ஒரு கம்பனியைப் பற்றி மகனுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். சேருவதற்கு முதலில் ஒரு பொருட்பொதி வாங்க வேண்டும். வாங்கியவருக்கு 'விற்பனை ஆலோசகர்' என்ற பட்டமும், கழுத்தில் மாட்டும் அட்டையும் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நான் பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாப்பா வந்து, "ஹஸ்ரத், மகன் ஒரு கம்பனியில் சேரப் போகிறார். பொருள் விற்கிற வேலை. இது ஹலால்தானே?" என்று கேட்டார்.

"பொருள் விற்பதுதானே, வியாபாரம் ஹலால்தான். அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. என்ன பொருள், யாருக்கு விற்கிறார், வருமானம் எதிலிருந்து வருகிறது என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த ஒரு சொல்லை நம்பி, உம்மா தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். அதோடு முடியவில்லை. அந்தப் பிள்ளையை மேலிருந்து வழிநடத்தியவர், "மௌலவியே கூடும் என்று சொல்லிவிட்டார்" என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். மேலும் நான்கு குடும்பங்கள் என் பெயரைக் கேட்டுப் பணம் கட்டின. இது எதுவும் எனக்குத் தெரியாது.

சில மாதங்களின் பின்னர் அதே வாப்பா மீண்டும் வந்தார். வீட்டிலே ஒரு மூலை நிறையப் பெட்டிகள் இருப்பதாகவும், மகன் இரவில் உறங்குவதில்லை என்றும் சொன்னார். "பொருள் விற்றால் சிறிய தரகுதான் ஹஸ்ரத். ஆள் சேர்த்தால்தான் பெரிய தொகை. உறவினர்கள் நூறு பேரின் பெயரை எழுதித் தரச் சொல்கிறார்கள். இப்போது மச்சான்மார் எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துவிட்டார்கள்" என்றார்.

அப்போதுதான் என் கால் நடுங்கியது. அறிவின்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்பவன் எத்தகைய பாரத்தைச் சுமக்கிறான் என்று அரபுக் கல்லூரியில் ஏழாண்டு படித்தவன் நான். படித்தது படியிலே நின்றுவிட்டது.

இரு முகங்கள் கொண்ட ஒரு தொழில்

சகோதரர்களே! அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இன்னொருவரின் பொருளை எடுத்துச் சென்று விற்று, அதற்குக் கூலியோ இலாபத்தில் பங்கோ பெறுவது நமது மார்க்கத்தில் இழிவான தொழிலன்று. நுபுவ்வத்துக்கு முன்னர் நபி (ஸல்) அவர்கள், அன்னை கதீஜா (ரழி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று விற்று வந்தார்கள். தரகுக் கூலியைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹ் கிரந்தத்தில் தனித் தலைப்பே இட்டு, இப்னு ஸீரீன், அதா, ஹஸன் போன்ற முன்னோர் அதில் தவறு காணவில்லை எனக் குறிப்பிடுகிறார்கள். நமது கிழக்கிலங்கை முஸ்லிம்களில் எத்தனை பேரின் பாட்டனார்கள், புடைவை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தமிழ்க் கிராமங்களிலும் சிங்களக் கிராமங்களிலும் வாசல் வாசலாக விற்றவர்கள்! அறுவடை முடிந்து பணம் கொடுத்த வாடிக்கையாளர்களை அவர்கள் நம்பினார்கள். அவர்களை அந்த மக்கள் நம்பினார்கள்.

மேலைநாடுகளில் இத்தொழில் வளர்ந்த வரலாறும் அறியத் தக்கது. 1886ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டேவிட் மக்கொனெல் என்னும் புத்தக வியாபாரி வாசனைத் திரவிய வணிகத்தைத் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்ற அவர், மக்களைக் கவர்வதற்காகச் சிறிய வாசனைக் குப்பியை இலவசமாகக் கொடுத்தார். புத்தகத்தைவிட அந்தக் குப்பியையே பெண்கள் விரும்பினர். பின்னாளில் 'ஏவொன்' எனப் பெயர் பெற்ற கம்பனி அவ்வாறுதான் உருவாயிற்று. 'டப்பர்வெயார்' பிளாஸ்டிக் பாத்திரங்களும் முதலில் கடைத் தட்டுகளில் விலைபோகாமல் கிடந்தவையே. 1950களில் பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி, வீடுகளில் பெண்களைக் கூட்டி, மூடியைத் திறந்து மூடிக் காட்டி விற்கும் முறையைப் பரப்பிய பின்னரே அவை வீடுதோறும் புகுந்தன. பொருளைக் கண்முன்னே காட்டி, அதன் பயனை விளக்கி விற்பது நல்ல முறைதான்.

இது இத்தொழிலின் ஒரு முகம். மற்ற முகம் வேறு. அங்கே பொருள் வெறும் சாட்டு. சேருபவர் கட்டும் பணமே உண்மையான சரக்கு. இதன் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் படியில் 36 பேர், மூன்றாம் படியில் 216 பேர், ஐந்தாம் படியில் 7,776 பேர், ஏழாம் படியில் 2,79,936 பேர். பத்தாம் படியில் ஆறு கோடிக்கும் அதிகமானோர் வேண்டும். நமது நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ இரண்டேகால் கோடிக்குள்தான்! ஆகவே இத்தகைய அமைப்பில் கடைசியாகச் சேரும் பெருந்தொகையினர் இழந்தே தீர வேண்டும். முன்னே வந்தவனின் இலாபம் என்பது பின்னே வந்த ஏழையின் இழப்புத்தான்.

இத்தகைய திட்டங்களை இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் 2005ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் தடை செய்திருக்கிறது. அவற்றை நடத்துவதும் ஊக்குவிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். மத்திய வங்கி இதைப் பற்றிப் பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்துள்ளது. அயல்நாடான இந்தியாவில் 1978ஆம் ஆண்டிலேயே பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 2004ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புகளுக்கான நிலையான குழுவும், ஆள் சேர்ப்பதன் மூலம் தரகு பெறும் இத்தகைய வலைப்பின்னல் முறை கூடாது எனத் தீர்ப்பளித்தது. பொருள் என்பது திரை. திரைக்குப் பின்னால் நடப்பது, சிறு பணத்தைக் கொடுத்துப் பெரும் பணத்தை எதிர்பார்க்கும் சூதும் வட்டியும் மயக்கமுமே என்பது உலமாக்கள் காட்டிய காரணம்.

ஆகவே பிள்ளைகளே, எந்தக் கம்பனியானாலும் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எனக்கு வருமானம் பொருளை வாங்குபவரிடமிருந்து வருகிறதா, சேருபவரிடமிருந்து வருகிறதா? இரண்டு, இந்தத் தொழிலில் சேராத ஒருவர், இந்தப் பொருளை இந்த விலைக்கு மனமுவந்து வாங்குவாரா? மூன்று, விற்காத பொருளைத் திருப்பி எடுப்பார்களா, எழுத்தில் தருவார்களா? இம்மூன்றில் ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டாலும் உம்மாவின் சங்கிலி உம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

திரியாய்ச் சந்தையில் ஒரு நாள்

இப்போது நமது இளைஞரிடம் வருவோம். ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடுமாறும், கையிலுள்ள பொருட்களை நேர்மையாக விற்று முடிக்குமாறும் அவருக்குச் சொன்னேன். "விற்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை ஹஸ்ரத், வாங்குவதற்குத்தான் ஆளில்லை. சொந்தக்காரர்கள் என்னைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள்" என்றார். அது உண்மைதான். உறவினரின் வெட்கத்தை விற்பனைக்கு மூலதனமாக்கியவர்களுக்கு முடிவில் அதுவே நேரும்.

அப்போது எனக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்தவர்கள் அவர்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காகத் துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறே கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொழிலைத் தொடங்கினார்கள். உறவினரின் பணப்பையை அவர்கள் நாடவில்லை. அறிமுகமில்லாத மனிதர்கள் தம் தேவைக்காகத் தாமே வரும் இடத்தையே நாடினார்கள். நமது பிள்ளையும் திரியாய்ச் சந்தைக்குச் சென்றார். வாப்பாவோடு நானும் சென்றேன்.

காலையில் நான் கண்ட காட்சி இது: மேசைக்குப் பின்னால் கதிரையில் அமர்ந்து, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் பிள்ளை. மேசையில் முப்பது வகைப் பொருட்கள். ஒன்றுக்கும் விலை எழுதப்படவில்லை. பக்கத்தில் ஒரு பெட்டி. 'அதிர்ஷ்டச் சீட்டு: பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிப் போடுங்கள்' என்று எழுதியிருந்தது. மனிதர்கள் வந்தார்கள், பெட்டியில் சீட்டைப் போட்டார்கள், போனார்கள். மதியம் வரை ஒரு சவர்க்காரம்கூட விற்கவில்லை.

"இந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டேன். "மேலே உள்ளவர் வைக்கச் சொன்னார். இந்த இலக்கங்களுக்கு நாளை அழைத்துக் கூட்டத்துக்கு வரச் சொல்ல வேண்டும்" என்றார். பரிசுக்காக என்று சொல்லி வாங்கிய இலக்கத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது ஏமாற்று என்றேன். பொருள் வாங்கினால்தான் சீட்டு என்றால் அது சூதின் வாசலுக்கே கொண்டுபோகும் என்றும் சொன்னேன். பிள்ளை ஒரு கணம் யோசித்தார். பின்னர் பெட்டியிலிருந்த சீட்டுகளை எடுத்துக் கிழித்துவிட்டு, மேசையின் முன்பக்கம் வந்து நின்றார்.

அன்று பிற்பகல் நாங்கள் செய்தவை மிகச் சிறியவை. அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். சந்தையில் மேசை போடும் எவருக்கும் அவை உதவும்.

முதலாவது, முப்பது பொருட்களில் ஐந்தை மட்டும் மேசையில் வைத்தோம். அவ்வூர் மக்களுக்கு அன்றாடம் தேவையானவை அவை. ஒவ்வொன்றின் முன்னும் விலையைப் பெரிதாக எழுதினோம். விலை எழுதாத மேசையில் கேட்பதற்கே ஏழை கூசுவான்.

இரண்டாவது, செயலால் காட்டினோம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும், சேறு படிந்த ஒரு துணித்துண்டும் வைத்து, சலவைத்தூளைக் கொண்டு அங்கேயே துவைத்துக் காட்டினார். வயலிலிருந்து வந்த ஒரு பெரியவர் தம் தோளில் இருந்த துண்டையே எடுத்துக் கொடுத்து, "தம்பி, இதைக் கழுவிக் காட்டும் பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் அப்போதுதான் சேர்ந்தது.

மூன்றாவது, குறையையும் சொன்னோம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதை நாம் அறிவோம். ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்லன் எனவும் அவர்கள் எச்சரித்தார்கள். அந்தத் தூள் சாயம் போகும் சேலைகளுக்கு உகந்ததன்று. பிள்ளை அதைச் சொல்லியே விற்றார். காலாவதித் திகதி நெருங்கிய பற்பசைகளைத் தனியே வைத்து, திகதியைக் காட்டி, விலையைக் குறைத்தார்.

நான்காவது, போலி வாடிக்கையாளர்களை நிறுத்தவில்லை. தன் நண்பர்கள் இருவரை வரவழைத்து வாங்குவதுபோல் நடிக்கச் சொல்லலாமா என்று பிள்ளை முதலில் கேட்டார். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிப் பிறரைத் தூண்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்; 'நஜ்ஷ்' என்று அதற்குப் பெயர். நடிப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அவ்வாறே, பக்கத்து மேசையில் பேரம் பேசிக்கொண்டிருப்பவரை இடையில் புகுந்து அழைப்பதும் கூடாது. பக்கத்து மேசையில் ஓர் அக்கா பனையோலைப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். பொருளைப் போடப் பெட்டி கேட்டவர்களையெல்லாம் பிள்ளை அவரிடம் அனுப்பினார். சற்று நேரத்தில் அந்த அக்காவும் தன்னிடம் வந்தவர்களை நமது மேசைக்கு அனுப்பத் தொடங்கினார்.

ஐந்தாவது, கையில் இல்லாத பொருளுக்குப் பணம் வாங்கவில்லை. தன்னிடம் இல்லாததை விற்பதைப் பற்றி நபித் தோழர் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) கேட்டபோது, அதை நபியவர்கள் தடுத்தார்கள். ஆகவே வேண்டியோரின் பெயரையும் பொருளையும், அவர்களின் அனுமதியோடு, ஒரு கொப்பியில் எழுதினோம். பொருளைக் கொண்டுவந்து காட்டிய பின்னரே பணம் என்றோம். வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்றும் ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். இது புதிய நாகரிகமன்று. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழருக்கு நபியவர்கள் காட்டிய வழியிலிருந்து, நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் மூன்று நாள் வரையான தெரிவுரிமையை விளக்கியிருக்கிறார்கள்.

ஒரு தாயின் கேள்வி

அஸர் நேரம் நெருங்கியபோது ஒரு தாய் வந்தார். கையில் பழைய பணப்பை. முகப்பூச்சுக் குப்பியை எடுத்துப் பார்த்து, "தம்பி, மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். நிறம் குறைவு என்று அவர்கள் சொல்கிறார்கள். இதைப் பூசினால் ஒரு மாதத்தில் வெளுக்குமா?" என்று கேட்டார்.

அந்த மேசையில் அதுவே விலை கூடிய பொருள். தரகும் அதற்கே அதிகம். 'ஆம், நிச்சயமாக' என்று சொல்லும்படியே கம்பனிக் கூட்டத்தில் பிள்ளைக்குப் பழக்கியிருந்தார்கள். சங்கிலியின் அடகு வட்டி கட்ட வேண்டிய வாரம் அது. பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. என் பேச்சால் ஒருமுறை கெட்டது போதும். இந்த முறை அவரே தீர்மானிக்கட்டும் என்று நின்றேன்.

"இல்லை அம்மா. இது தோல் வரளாமல் இருக்க உதவும். நிறத்தை மாற்றாது. மாற்றும் என்று சொல்லி விற்கிற சில களிம்புகளில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மகளுக்கு அவற்றை வாங்க வேண்டாம்" என்றார்.

அந்தத் தாய் சற்று நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் குப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளையின் முகம் வாடியது. எனக்கும் மனம் கனத்தது. அரை மணி நேரத்தின் பின்னர் அவர் மேலும் இரு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார். "இந்தத் தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சலவைத்தூளும் சவர்க்காரமும் வாங்கினார்.

சகோதரர்களே! வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்று புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தைப் பல தடவைகள் மிம்பரில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன். பரக்கத் என்பது உடனே பணமாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாய் திரும்பி வராமல் போயிருந்தாலும் பிள்ளை சொன்னது சரியே.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். அவ்வூரார் தமிழர்கள், விற்றவர் முஸ்லிம் பிள்ளை. போரும் பிரிவும் கண்ட இந்த மாவட்டத்தில், ஒரு முஸ்லிம் வியாபாரி ஏமாற்றினால் அந்தப் பழி அவனோடு நிற்பதில்லை. சமுதாயத்தின் மேலேயே விழும். அவன் நேர்மையாக நடந்தால் அந்த நன்மையும் சமுதாயத்துக்கே. கடன்பட்ட ஏழை மக்களிடம், அதுவும் நுண்கடனில் சிக்கிய பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர நேர்ந்த ஒரு நாட்டில், தேவையற்ற பொருளைத் திணிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

கணக்கு என்னவாயிற்று?

அன்றைய வருமானம் பெரிதல்ல. மேசைக்குக் கொடுத்த கட்டணமும் போக்குவரத்தும் போக, கையில் நின்றது ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்துக்குச் சற்று அதிகம். ஆனால் கொப்பியில் பதினேழு பெயர்கள் இருந்தன. சொன்ன நாளில், சொன்ன பொருளோடு, சொன்ன விலைக்கு அவர்களின் வீட்டு வாசலுக்குச் சென்றார். அவர்களில் பதினொருவர் மீண்டும் வாங்கினார்கள். சந்தையில் வாடிக்கையாளரைத் தேடுவது என்பது இதுதான். மேசையில் நடப்பது அறிமுகம் மட்டுமே. வாக்குறுதி நிறைவேறும் நாளில்தான் வாடிக்கையாளர் பிறக்கிறார்.

அடுத்த ஜும்ஆவில் நான் மிம்பரில் ஏறி, விசாரிக்காமல் பதில் சொன்னேன் என்றும், அந்தப் பதிலை மீளப் பெறுகிறேன் என்றும் சொன்னேன். அந்த நான்கு வீடுகளுக்கும் சென்று மன்னிப்புக் கேட்டேன். மூன்று குடும்பங்களின் பொருட்கள் அதே மேசையில் வைத்து, அவர்களின் கணக்கில் சிறுகச் சிறுக விற்கப்பட்டன. நான்காவது குடும்பத்தின் பொருட்கள் காலாவதியாகிவிட்டன. அவர்களின் பணம் மீளவில்லை. அந்த வீட்டுத் தலைவர், "மன்னித்துவிட்டேன் ஹஸ்ரத்" என்றார். ஆயினும் அவ்வீட்டைக் கடக்கும்போதெல்லாம் என் தலை தாழ்கிறது. அவர்களுக்கு என்னால் இயன்றதை மாதந்தோறும் கொடுத்து வருகிறேன். அது தர்மமன்று, என் கடன்.

உம்மாவின் சங்கிலி அடகிலிருந்து மீள ஒன்பது மாதங்கள் ஆயின. பிள்ளை இப்போது அந்தக் கம்பனியில் இல்லை. குச்சவெளிப் பக்கத்துக் கருவாட்டையும், திரியாய்ப் பெண்கள் தயாரிக்கும் மாவகைகளையும் பொதி செய்து சந்தைகளில் விற்கிறார். கழுத்தில் அட்டை எதுவும் இல்லை.

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே! தொழிலுக்காக உங்கள் பிள்ளை பணம் கேட்கும்போது, மௌலவியிடம் ஒரு வரியில் தீர்ப்புக் கேட்டு முடித்துவிடாதீர்கள். ஒப்பந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசித்து விளங்கக்கூடிய ஒருவரை அருகில் வைத்து வாசியுங்கள். வட்டிக்குக் கடன்பட்டோ, நகையை அடகு வைத்தோ தொடங்கும் வியாபாரத்தின் முதல் வாடிக்கையாளர் கவலைதான். அதே வேளை, பிள்ளை சந்தையில் மேசை போட்டால் அதைக் கௌரவக் குறைவாக எண்ணாதீர்கள். ஒருமுறையாவது போய் அந்த மேசையருகே நில்லுங்கள். பெண் பிள்ளையானால் உம்மாவோ ராத்தாவோ துணையாக இருங்கள்.

இளைஞர்களே! ஹஜ் காலத்தில் உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய சந்தைகளில் வியாபாரம் செய்வது பாவமாகுமோ என்று ஆரம்ப கால முஸ்லிம்கள் தயங்கினார்கள். இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை எனக் குர்ஆன் அவர்களின் தயக்கத்தை நீக்கியது. சந்தை நமக்கு அந்நியமான இடமன்று. உண்மை பேசும் நம்பிக்கைக்குரிய வியாபாரி மறுமையில் நபிமார்களோடும், உண்மையாளர்களோடும், ஷுஹதாக்களோடும் இருப்பான் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதியில் வந்திருக்கிறது. இரவெல்லாம் வணங்குபவருக்குச் சொல்லப்படும் நற்செய்திக்கு ஒப்பான ஒன்று, சலவைத்தூள் விற்பவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. இதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்?

மாலையில் மேசையை மடித்து வைக்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று என்னிடம் வாங்கிய மனிதர் நாளை என்னைத் தெருவில் கண்டால், வழியை மாற்றிக்கொள்வாரா, நின்று ஸலாமோ வணக்கமோ சொல்வாரா? அந்த மேசையும், அந்தக் கொப்பியும், அந்த மனிதரும் ஒருநாள் சாட்சி சொல்ல வருவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கைத் தருவாயாக. எங்கள் நாவைப் பொய்யிலிருந்தும், விசாரிக்காமல் சொல்லும் தீர்ப்பிலிருந்தும் காப்பாயாக. எங்களால் இழந்தவர்களுக்கு எங்கள் கைகளாலேயே ஈடு செய்யும் வாய்ப்பை, நாங்கள் மரணிக்கும் முன்னரே தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.